அறுநூறு வார்த்தைக்குள் அடங்காதவள்

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. திருநெல்வேலியில் ஆற்றை ஒட்டிய வாடகை வீடு எங்களுடையது. கணவர் வெளியூர் போயிருந்தார். வீட்டில் நானும், படுத்த படுக்கையாக இருந்த மாமியாரும்தான். எதிர் மாடியில் குடியிருந்தவர் பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவர். இடுப்பளவு தண்ணீரில் வந்து மாமியாரைத் தோளில் தூக்கிப்போய்த் தன் வீட்டில் சேர்த்தார். அங்கே அவர் மனைவி, யாரும் கேட்காமலே, மாமியார் மேலிருந்த சகதியையும் கழிவையும் துடைத்து, இருந்ததில் நல்ல சேலையாக எடுத்துச் சுற்றிவிட்டாள். தண்ணீர் வடியும்வரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டதும் அவள்தான். நான் ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் என் வீரம்!

எனக்குச் சிறுகதைப் போட்டி என்றால் கிறுக்கு. அடுத்த வருடம் ஓர் அறிவிப்பைப் பார்த்ததும் இதையே கதையாக எழுத உட்கார்ந்தேன். "ஒன்னப் பத்தித்தான் எழுதுதேன்" என்று அவளிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டேன். எழுதி முடித்தால் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. போட்டிக்கு அறுநூறு வார்த்தைதான். எவ்வளவு வெட்டியும் அடங்க மாட்டேன் என்றது. சிறுகதையில் ஆள் குறைவாக இருந்தால் நல்லது என்று எங்கோ படித்தது ஞாபகம் வர, புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஒரே ஆளாக்கினேன். தூக்கியதும் அவர், துடைத்ததும் அவர். கச்சிதமாக அடங்கிவிட்டது. பரிசும் கிடைத்தது.

கதை வந்த இதழைத் தூக்கிக்கொண்டு எதிர் மாடிக்கு ஓடினேன். அவள் அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, "நீங்களே வாசிங்கக்கா, எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள். வாசித்தேன். சேலை மாற்றும் இடம் நெருங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்போதுதான், ஐயோ, எனக்கே உறைத்தது. ஆனால் அச்சில் இருப்பதைத்தானே வாசிக்க முடியும்?

முடித்ததும் ஒரு பெண் கேட்டுவிட்டாள், "ஏட்டி, இதுல நீ எங்கன இருக்க?"

அவள் கணவருக்கும் பொறுக்கவில்லை. "யக்கா, நான் தூக்கியாந்து எறக்குனதோட சரி. மத்ததெல்லாம் அவல்லா செஞ்சா?"

வார்த்தைக் கணக்கு அது இது என்று மென்று விழுங்கினேன். "இருக்கட்டும்க்கா, அவங்க சொன்ன அளவுக்குத்தான எழுத முடியும்" என்று எனக்காக அவளே சமாதானம் சொல்லிவிட்டு, காப்பி போட உள்ளே போனாள். வெளியே வர ரொம்ப நேரமாயிற்று. கண் சிவந்திருந்தது.

பிறகு அவர்கள் முக்கூடல் பக்கம் வீடு மாற்றிப் போய்விட்டார்கள். போன் செய்தால் நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் முன்பெல்லாம் பார்க்கும்போதெல்லாம் "இப்ப என்னக்கா எழுதுதிய?" என்று கேட்பாளே, அதை மட்டும் கேட்பதில்லை.

அந்தக் கதையின் தொடக்கத்தில் மழையை வர்ணித்து ஒரு முழுப் பத்தி இருக்கிறது. அழகாக வந்திருக்கிறதே என்று அதில் ஒரு வார்த்தையைக்கூட வெட்ட மனம் வராமல், ஓர் ஆளையே வெட்டிவிட்டேனே என்பது இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது.