இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தவள்

மொன்றியலில் பனிப்புயல் அடிக்கும் நாட்களில் வானொலிக்காரர் ஒரே வசனத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவார். அத்தியாவசிய வேலை இல்லாதவர்கள் வீட்டை விட்டு வெளியே வரவேண்டாம். தான் எப்படி வானொலி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதை மட்டும் ஒருநாளும் சொல்லமாட்டார். அத்தியாவசியமானவர்கள் எந்த வழியாகப் போய்ச் சேரவேண்டும் என்பதையும் சொல்லமாட்டார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நானும் கணவரும் கோட்-டெ-நெய்ஜில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். எங்கள் ஒரே மகள், பதினாறு வயது, யாழ்ப்பாணத்தில் என் தமக்கையோடு இருந்தாள். எங்களுக்கு இங்கே தங்க அனுமதி கிடைத்துவிட்டது. அவளை இங்கே எடுப்பிக்க ஒரு கடிதம் குறைந்தது: எங்கள் இருவரில் ஒருவருக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று வேலையிடத்தில் எழுதித் தரும் கடிதம். கணவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். ஊரில் பதினைந்து வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர். அவருடைய முதலாளிக்கு அவருடைய முழுப்பெயரே தெரியாது. அந்த மனிதரிடம் கடிதம் கேட்பதும் ஒன்று, கேட்காமல் விடுவதும் ஒன்று. ஆகவே எல்லாம் என் வேலையில் வந்து நின்றது.

லாசாலில் இருந்த ஒரு முதியோர் இல்லம் என் வேலையிடம். ஊரில் நான் பதினெட்டு வருடம் தாதி. கடைசி ஆறு வருடம் ஒரு வார்ட்டே என் பொறுப்பில் இருந்தது. இங்கே என் சான்றிதழ்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உதவியாளர் என்று எழுதிக்கொண்டார்கள். குளிப்பாட்டலாம், ஊட்டலாம், துடைக்கலாம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைத் தொடக்கூடாது. எங்கள் மேற்பார்வைத் தாதி என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். முதல் நாளே கூப்பிட்டுச் சொன்னார்:

“உங்கள் ஆட்களுக்குக் குளிர்காலம் என்றால் என்னவென்று தெரியாது. மூன்று மாதம் ஒரு நாளும் தவறாமல், நேரத்துக்கு வந்து காட்டுங்கள். பிறகு கடிதத்தில் கையெழுத்து வைக்கிறேன்.”

மூன்று மாதத்தின் கடைசி வாரம், புதன்கிழமை, புயல் வந்தது.

விடிய ஐந்து மணிக்கு எழும்பிப் பார்த்தால் யன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தைக் காணவில்லை. கணவர் வானொலிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அவருடைய உணவகம் பூட்டு. அந்தச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் முகத்தைக் கவலையாக வைத்திருந்தார்.

“பஸ் ஒண்டும் ஓடாதாம்,” என்றார்.

“மெற்றோ ஓடும்தானே. நிலத்துக்குக் கீழை ஆர் பனி கொட்டப்போறான்?”

“மெற்றோ முடிஞ்சாப் பிறகு?”

“நடக்கவேண்டியதுதான்.”

“அத்தியாவசியமான ஆக்கள்தான் வெளிக்கிடலாமாம். ஆரும் மறிச்சுக் கேட்டால் என்ன செய்வீர்?”

இந்த ஊரில் பிறந்தவர் எவரும் கேட்டிருக்கமாட்டாத கேள்வி. ஆனால் நானும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஊரில் ஊரடங்கு நாட்களில் வேலைக்குப் போகும் தாதிகளுக்கு என்று ஒரு முறை இருந்தது. வெள்ளைச் சீருடை எல்லாவற்றுக்கும் மேலே தெரியவேண்டும். அடையாள அட்டை கையில் இருக்கவேண்டும். மதிலோடு ஒட்டி நடந்தால் ஒளிக்கிறாய் என்று ஆமிக்காரர் நினைப்பார்கள், அதனால் தெருவின் நடுவால், மெதுவாக நடக்கவேண்டும். வெள்ளை தெரிந்தால் பெரும்பாலும் சுடமாட்டார்கள். அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பித்தான் நாங்கள் வேலைக்குப் போய் வந்தோம்.

“யூனிபோமை மேலாலை போடும்,” என்றார் கணவர்.

“கோட்டுக்கு மேலை கொள்ளுமே?”

“பின் குத்திவிடுறன், நில்லும்.”

தேவாலயத்தில் கொடுத்த கறுப்புக் குளிர்க்கோட்டுக்கு மேலே இல்லத்தின் வெள்ளைச் சட்டையை இழுத்து, முன்பக்கத்தை நாலு சட்டைப்பின் குத்திப் பூட்டிவிட்டார். ஒருவர் ஆங்கில ஆசிரியர், மற்றவர் வார்ட் நடத்தியவர். வெளியே கொட்டிக்கொண்டிருந்த பனி என்ன நிறம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

படியில், கீழ்வீட்டுத் தம்பி ஒருவன் தெப்பனர் என்கிற மூலைக்கடையில் சிகரெட் வாங்கிக்கொண்டு வந்தான். தனக்குக் காய்ச்சல் என்று தொழிற்சாலைக்கு ஏற்கெனவே தொலைபேசியில் சொல்லிவிட்டானாம்.

“என்ன அக்கா, நாடகத்துக்கோ வெளிக்கிட்டிட்டியள்?”

“வேலைக்கு.”

“விசரே உங்களுக்கு? உங்கடை கிழடுகள் ஒருநாள் குளிக்காட்டில் செத்தே போகுங்கள்?”

“குளிக்காட்டில் சாகாயினம். சாப்பாடும் மருந்தும் குடுக்க ஆளில்லாட்டில் சாவினம். உமக்குக் காய்ச்சல் எத்தினை?”

“அது பின்னேரந்தான் வரும் அக்கா,” என்று சிரித்துக்கொண்டு ஏறிப் போனான்.

மெற்றோவில் ஆட்கள் குறைவு. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவரைக்கூடக் காணவில்லை. இருந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள், மடியில் பிளாஸ்டிக் பையில் தாதிகள் போடும் வெள்ளைச் சப்பாத்துகள். ஒருத்தி வீட்டிலிருந்து உறைபனிச் சறுக்குக் கட்டைகளைத் தோளில் சுமந்து வந்திருந்தாள். கடைசி நிலையத்தில் இறங்கி அவற்றைக் காலில் மாட்டிக்கொண்டு, எங்களைத் திரும்பியும் பார்க்காமல் வழுக்கிப் போய்விட்டாள். இந்த நகரம் தன் நோயாளிகளை அந்தக் கட்டைகளை நம்பித்தான் விட்டிருந்தது.

எனக்குக் கால்தான். நடைபாதை மார்பளவு பனிக்குள் கிடந்தது. நான் பழகியபடி தெருவின் நடுவால், மெதுவாக நடந்தேன். கண் இமையில் பனி பிடித்து உறைந்தது. மூன்று மாதத்தில் ஒரு நாளும் பிந்தாதவள், இன்றைக்கு ஏழு மணிக்கு வேலையில் நிற்கமுடியாது என்று அரைவாசி வழியிலேயே தெரிந்துவிட்டது.

பின்னால் உறுமல் கேட்டுத் திரும்பியபோது பனி தள்ளும் இயந்திரத்தின் இரும்பு அலகு எனக்கு இரண்டு முழத்தில் நின்றிருந்தது. சாரதி மேலேயிருந்து குதித்துக் கத்திக்கொண்டு வந்தான். சீருடை, தொப்பி, பெரிய சப்பாத்து, கத்தல். என் கை தானாக மேலே போனது. மற்றக் கையால் இல்லத்தின் அடையாள அட்டையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அவன் அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கத்தலை நிறுத்தினான்.

“அம்மா, இதை ஏன் எனக்குக் காட்டுகிறீர்கள்?” என்றான் பிரெஞ்சில். பிறகு என் வெள்ளைச் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டி, “வெள்ளை! பனியில் வெள்ளை! உங்களை எப்படிக் காண்பது?” என்றான்.

பதில் சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதாது. தமிழும் போதியிருக்காது. அவனே நாலு பின்னையும் கழற்றி, சட்டையைச் சுருட்டி என் கையில் தந்து, என்னை இயந்திரத்துக்குள் ஏற்றினான். இல்லத்து வாசல்வரைக்கும் ஹொக்கிக் கதை. முதல்நாள் தங்கள் அணி தோற்றது யாருடைய பிழை என்று விளக்கினான். நான் எல்லாவற்றுக்கும் ‘வி, வி’ என்று ஓம் போட்டேன்.

ஒன்பது மணி. இரவு வேலைக்கு வந்த ஹெயிட்டித் தாதி முதல்நாள் மாலையிலிருந்து தனியே இருபத்தாறு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரவேண்டிய ஐந்து பேரில் நான் ஒருத்திதான் வந்திருந்தேன். என்னைக் கண்டதும் ஒரு கதிரையை இழுத்து இருந்தார்.

“நீ வந்துவிட்டாய்,” என்றார். “கார் வைத்திருக்கிறவர்கள் எங்கே?”

அப்போது தொலைபேசி அடித்தது. மேற்பார்வைத் தாதி, இல்-பிசாரில் தன் வீட்டிலிருந்து. கார்க் கொட்டிலின் கதவு திறக்கவில்லையாம். அவருடைய கணவர் போகவேண்டாம் என்கிறாராம். பின்னால் கோப்பிக் கருவி கொதிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

“நீங்கள் உங்கள் நாட்டில் தாதிதானே,” என்றார். “இன்றைக்கு மட்டும் எல்லாம் பாருங்கள்.”

மூன்று மாதமாக என் சான்றிதழ்களால் முடியாததைக் கொட்டில் கதவு ஒன்று செய்து முடித்தது. அன்று பகல் முழுவதும் நான் தாதி. காய்ச்சல் பார்த்தேன், இரத்த அழுத்தம் பார்த்தேன், மருந்துத் தள்ளுவண்டியைத் தள்ளினேன். ஊசிகளை மட்டும் ஹெயிட்டித் தாதி எழும்பிப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்க் கதிரையில் உறங்கினார். மறுநாள் காலை நான் மறுபடி உதவியாளர். தெர்மாமீட்டர் திரும்பவும் அலுமாரிக்குள் போனது.

வெள்ளிக்கிழமை மேற்பார்வைத் தாதி என்னைக் கூப்பிட்டு வரவுப் பதிவேட்டைத் திறந்தார்.

“புதன்கிழமை இரண்டு மணித்தியாலம் பிந்தியிருக்கிறீர்கள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். இன்னும் மூன்று மாதம் பார்ப்போம்.”

மூன்று மாதம். ஊரில் மூன்று மாதத்தில் என்னென்ன நடக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. தமக்கையின் கடைசிக் கடிதத்தில், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டேன் என்று இருந்தது. என் வாழ்க்கையில் மேலதிகாரி ஒருவரை எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான். என் உடைந்த பிரெஞ்சில் கேட்டேன்:

“அதே பக்கத்தில் உங்கள் பெயரும் இருக்கிறது. நீங்கள் புதன்கிழமை எத்தனை மணிக்கு வந்தீர்கள்?”

அவருடைய பெயருக்கு நேரே கோடுகூட இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். காது சிவந்தது. பிறகு கடிதத் தாளைத் தட்டச்சு இயந்திரத்துக்குள் சொருகினார்.

வீட்டில் கணவர் அதை வாசித்துக் காட்டினார். நிரந்தரப் பணியாளர், நேர்மையானவர், வேலை தெரிந்தவர். கடைசி வரி: ‘பனிப்புயல் நாட்களில் தவிர, நேரம் தவறாதவர்.’

“வராதவ வந்தவளுக்கு எழுதின குறிப்பு,” என்றார் கணவர். “குடுப்பமே, விடுவமே?”

“வேறை கடிதம் எங்கை கிடக்கு?”

அடுத்த இரண்டு கிழமையும் அந்த ஒரு வரிக்காக நான் நித்திரை கொள்ளவில்லை. குடிவரவு அலுவலகத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மனிதர் கடிதத்தை வாசித்து, அந்த வரியில் விரலை வைத்து நிறுத்தினார்.

“எந்தப் புயல்? அந்தப் புதன்கிழமையா?”

“ஓம்... வி.”

“அன்றைக்கு வேலைக்குப் போனீர்களா?”

“இரண்டு மணித்தியாலம் பிந்தி.”

“இந்தக் கட்டடம் அன்றைக்குப் பூட்டு,” என்றார். பூட்டியிருந்ததில் அவருக்கு வெட்கம் ஒன்றும் தெரியவில்லை. கடிதத்தைக் கோப்பில் குத்தினார். எல்லாப் பத்திரமும் இருக்கிறது, இனி மேலே அனுப்பலாம், சில மாதங்கள் எடுக்கும் என்றார். ஒரு படிவத்தை என் பக்கம் திருப்பி, மகளுடைய பெயரைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார்.

ஒரு எழுத்துப் பிழைத்து முதல் படிவம் பழுதாகிப் போனது. அவர் இன்னொன்று எடுத்துத் தந்தார்.