தேரோட்டத்தன்று டிஸ்க்கைத் தொட்டேன்

மாசி வீதிக்குள் தேர் வந்தால் கரண்டை நிறுத்திவிடுவார்கள். மதுரையில் பிறந்த எனக்கு இது தெரியாதா? கம்ப்யூட்டரும் அதே கரண்டில்தான் ஓடுகிறது என்பது மட்டும் அன்றைக்குப் புத்தியில் ஏறவில்லை.

எண்பதுகளின் கடைசி. மாசி வீதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். இருபது எம்.பி. ஹார்ட் டிஸ்க். அதில் நோயாளிகள், இறந்தவர்கள், ரத்தம் கொடுப்பவர்கள் என்று தனித்தனி ஃபைல்கள். தினமும் பேர்களைச் சேர்த்து அழித்ததில் ஃபைல்கள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தன. ரத்தம் கொடுப்பவர் ஒருவரின் பேரைத் தேட நாலு நிமிஷம் ஆனது. துண்டுகளை ஒன்றுசேர்க்கும் புரோகிராம் ஒன்று ஃபிளாப்பியில் கிடைத்தது. இரண்டு மணி நேரம் ஓடும். நடுவில் மெஷின் நிற்கக் கூடாது. தேரோட்டத்தன்று நோயாளிகள் குறைவு என்று அந்த நாளைப் பிடித்தேன். பேக்கப் எடுக்க ஃபிளாப்பிகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். சோம்பேறித்தனம், எடுக்கவில்லை.

பாதியில் கரண்ட் போனது. திரும்பி வந்ததும் ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியலைத் திறந்தேன். திறந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

சற்று நேரத்தில் நர்ஸ் ஓடிவந்தார். “பிரசவத்துல ரத்தம் நிக்க மாட்டேங்குதுண்ணே. ஓ நெகட்டிவ் வேணும். ரத்த வங்கியிலயும் இல்லையாம்.”

தேடினேன். ஒரே ஒரு பேர் வந்தது, வில்லாபுரம் முகவரி. சைக்கிளை எடுத்து மிதித்தேன்.

கதவைத் திறந்த ஒரு அம்மாவிடம், ஆஸ்பத்திரி லிஸ்ட்டில் அவர் பேர் இருக்கிறது, அவசரமாக ரத்தம் வேண்டும் என்றேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அவரு செத்து ஆறு மாசமாச்சேய்யா. ஒங்க ஆஸ்பத்திரியிலதான போனாரு.”

சுவரில் மாலை போட்ட படம். அப்போதுதான் நடந்தது புரிந்தது. கரண்ட் பாதியில் போனதில், ரத்தம் கொடுப்பவர்கள் ஃபைலின் பின்பாதியில் இறந்த நோயாளிகளின் ஃபைல் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் பேர், முகவரி, ரத்த வகை என்று ஒரே அமைப்பு. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அங்கே ஒருத்தி உயிருக்குப் போராடுகிறாள், நான் செத்தவரைக் கூப்பிட வந்து நிற்கிறேன்.

அப்போது படத்தில் இருந்த அதே முகம் உள்ளேயிருந்து வெளியே வந்தது. நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

“நான் அவரு தம்பிண்ணே. எனக்கும் அதே குரூப்புத்தேன். அண்ணன் ஆபரேசனுக்கு நாந்தேன் குடுத்தேன். வாங்க, போவோம்.”

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ரத்தம் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தவர் கேட்டார்: “எங்கண்ணன் பேரு அந்த லிஸ்ட்டுல எப்பிடிண்ணே வந்துச்சு?”

“ரத்தம் குடுக்குறேன்னு எழுதிக் குடுத்திருந்தாரு,” என்று பொய் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பேக்கப் இல்லாமல் டிஸ்க்கைத் தொடாதீர்கள். நமக்கு எந்த நாள் சௌகரியம் என்று பார்க்காதீர்கள். கரண்ட் எப்போது நிற்கும் என்று கேளுங்கள்.

அந்தத் தம்பி அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அண்ணன் கொடுத்த வாக்கு என்று சொல்லி வந்து ரத்தம் கொடுத்தார். அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்ததெல்லாம் நான்தான். உண்மையைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவே இல்லை.