டிபன் பாக்ஸில் கடல்

தஞ்சாவூரிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் ஒரு மீனவர். வெயிலில் செம்பட்டையான மீசை, சந்தனம் பட்ட கல்யாணச் சட்டை. மடியிலிருந்த டிபன் பாக்ஸைத் திறந்தார். சாப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். உள்ளே, துண்டில் சுற்றிய ஜிபிஎஸ்.

“சிங்கப்பூர்லேருந்து மகன் அனுப்பிச்சதுங்க. டச் ஸ்கிரீன் வாங்கவான்னான். ஈரக்கையில அது கேக்குமா? பட்டன் வெச்சதா, தண்ணியில மெதக்குறதா அனுப்புடான்னேன். வந்தன்னிக்கே குடத்துல போட்டுப் பாத்துட்டேன்ல!”

பேசிக்கொண்டே அதைத் துடைத்தார். மன்னார்குடி வருவதற்குள் நான்கு முறை துடைத்துவிட்டார்.

“கல்யாணத்துக்குமா எடுத்துட்டுப் போவாங்க? படகுலயே மாட்டி வைக்கலாமே?”

“மீன் கெடைக்கிற எடமெல்லாம் இதுலதாங்க குறிச்சிருக்கேன். ஒருநாள் கழட்ட மறந்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் போனா, என் எடத்துல எட்டு படகு நிக்குது! எல்லாரும் எனக்கு மாமன், மச்சான்தான். யாரைத் திட்டறது?”

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

என் ஊர் வந்தது. இறங்கித் திரும்பினால், நடவு முடிந்த வயல்களைப் பார்த்தபடி ஜிபிஎஸ்ஸைச் சன்னலுக்கு வெளியே நீட்டி, ஒரு பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“உங்க எடத்தைக் குறிச்சுக்கிட்டேன்” என்றார். பேருந்து நகர்ந்தது. தலையை வெளியே நீட்டிக் கத்தினார்: “பயப்படாதீங்க, ஒருத்தனுக்கும் காட்ட மாட்டேன்!”