டயர் கடைக்காரர் மகளுக்கு வைத்த ஒட்டு

மினெர்வாவுக்கு இந்த மொழிபெயர்ப்பு வேலை எட்டு வயதிலேயே தொடங்கிவிட்டது. மெக்சிகோ எல்லையை ஒட்டிய அமெரிக்க ஊரான லரேடோவில் அவள் படித்த பள்ளி ஆசிரியைக்கு ஸ்பானிஷ் தெரியாது; அவள் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "உங்கள் மகள் வகுப்பில் வாய் ஓயாமல் பேசுகிறாள்" என்று ஆசிரியை சொன்னதை, நடுவில் நின்ற மினெர்வா ஒரு சொல் குறைக்காமல் அம்மாவிடம் சொன்னாள். வீட்டுக்குப் போனதும் செருப்பு பறந்து வந்தது.

"மாத்திச் சொல்லியிருக்கலாம்ல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தோணவே இல்லடீ."

இப்போது நாங்கள் இருவரும் ஒரே மருத்துவமனையில் இருக்கிறோம். நான் சிகிச்சைக்கு முன் நோயாளிகளிடம் சம்மதக் கையெழுத்து வாங்குபவள். அவள் மொழிபெயர்ப்பாளர். அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. டாக்டர் "நான்" என்றால் அவளும் "நான்" என்பாள். ஒரு கிழவர் "எனக்கு மூத்திரம் சரியாப் போகல" என்றால், அவளும் முகம் மாறாமல் "எனக்கு" என்பாள். தனக்காகப் பேச வேண்டிவந்தால் மட்டும், யாரோ மூன்றாம் ஆளைப் போல, "மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்" என்பாள்.

அன்று அபுந்தியோவும் அவர் மனைவி யெசேனியாவும் வந்திருந்தார்கள். அபுந்தியோ எல்லைப் பாலத்துக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். நாலு வயது மகள் ஹிமேனாவுக்கு இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை. மூடாமல் விட்டால் நுரையீரலும் கெடும். டாக்டர் விட்லாக், "பேட்ச் வைத்து மூடுவோம்" என்றார்.

பேட்ச் பொல்லாத சொல். கிழிசலுக்குத் தைக்கும் துணியும் அதுதான், எக்ஸ்ரேயில் தெரியும் திட்டும் அதுதான், பூசணி விளையும் துண்டு நிலமும் அதுதான். ஸ்பானிஷில் ஒவ்வொன்றுக்கும் வேறு சொல். மினெர்வா தயங்காமல் "பார்ச்சே" என்றாள். சரியான சொல்தான். ஆனால் அபுந்தியோவின் கடைப் பலகையிலும் அதைத்தான் எழுதியிருக்கிறது.

அவர் எழுந்துவிட்டார். "ஒட்டா? வேண்டவே வேண்டாம். கிளம்பு."

"உக்காரு கிழவா," என்றாள் யெசேனியா. கிழவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

"உனக்கென்னடி தெரியும்? நான் தினமும் ஒட்டுறவன். ஆகஸ்ட் வெயில்ல எத்தன ஒட்டு உரிஞ்சு வந்திருக்கு! வண்டிக்காரன் திரும்பி வருவான், மறுபடி ஒட்டுவேன். புள்ளைக்கு நடுரோட்டுல உரிஞ்சா?"

மினெர்வா அப்படியே ஆங்கிலத்தில், "நான் தினமும் டயர் ஒட்டுகிறவன்" என்று தொடங்கினாள். டாக்டர் அவளுடைய நகப்பூச்சைப் பார்த்தார்.

அபுந்தியோ கதவைத் திறந்துவிட்டார். கையெழுத்தாகாத தாள் என் மடியில் இருந்தது. மினெர்வா கையை உயர்த்தினாள்.

"மொழிபெயர்ப்பாளர் ஒன்று கேட்கிறார்," என்று இரண்டு மொழியிலும் சொன்னாள். "இவர் தொழிலில் ஒட்டு என்றால் பசையில் நிற்பது. உங்களுடையது எதில் நிற்கிறது, டாக்டர்?"

"பசையே கிடையாது. சுற்றிலும் தைப்பேன். சில மாதத்தில் அவளுடைய சதையே மேலே வளர்ந்து மூடிக்கொள்ளும்."

அபுந்தியோ கதவை விடவில்லை. "அப்போ நாங்க சூடு வெச்சு ரப்பரோட ரப்பரா ஆக்குறமே, அந்த மாதிரியா? உள்பக்கமா வெப்பாரா, வெளிப்பக்கமா?"

"உள்ளேதான்."

"அப்படின்னா நிக்கும். வெளிய ஒட்டுறவன் திருட்டுப் பய."

திருட்டுப் பயலையும் விடாமல் மினெர்வா மொழிபெயர்த்தாள். டாக்டர் சிரித்துவிட்டார். அபுந்தியோ வந்து உட்கார்ந்து என்னிடம் பேனா கேட்டார்.

அறுவை முடிந்த அன்று டாக்டர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்தார். "நன்றாக மூடிவிட்டேன். கொஞ்சமும் கசிவில்லை," என்றார். "நல்லா மூடிட்டேன், கொஞ்சமும் கசிவில்ல," என்றாள் மினெர்வா. உடனே யெசேனியா பாய்ந்து, டாக்டரை விட்டுவிட்டு, மூடியவள் இவள்தான் என்பதுபோல மினெர்வாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"மொழிபெயர்ப்பாளர்..." என்று தொடங்கிய மினெர்வாவும் அழுதுவிட்டாள்.

"அழுறத அப்புறம் வெச்சுக்கங்க தாயி," என்றார் அபுந்தியோ. அவர் கண்ணும் சிவந்திருந்தது. "தண்ணியில அமுக்கிப் பாத்தாரான்னு கேளுங்க."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொல் குறைக்காமல் கேட்டாள்.