முறிவுக்கும் பின்னத்துக்கும் ஒரே வேர்

சுங்கை பட்டாணி மருத்துவமனையில் கை முறிந்து கிடந்தேன். பக்கத்துப் படுக்கையில் திகாம் பத்துவைச் சேர்ந்த கணித ஆசிரியர். ஒட்டிய கன்னம், நரைத்த மீசை. லாரி மோதி வலது கால் நசுங்கியிருந்தது. மறுநாள் அதை எடுத்துவிடுவார்கள் என்று தெரிந்தும், கைப்பேசியில் சொற்களின் வேரைத் தேடிக்கொண்டே இருந்தார்.

"ஃப்ராக்ஷன், ஃப்ராக்சர் ரெண்டுக்கும் லத்தீன் வேர் ஒன்னுதாண்ணே. உடைக்கிறதுன்னு அர்த்தம். ஜெர்மன்லயும் பின்னம், எலும்பு முறிவு ரெண்டுமே புரூக்தான்."

"அப்ப முழு எண்ணு?"

"இன்டிஜர். யாரும் தொடாததுன்னு அர்த்தம் லா."

போர்வைக்குள் கைவிட்டுக் காலைத் தடவினார்.

அறுவை முடிந்து வந்தவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். நான் விடைபெற்றபோதும் திரும்பவில்லை. இனி வகுப்பில் பின்னம் நடத்தும் நாளில் அந்தச் சொல்லின் பொருளைப் பிள்ளைகளிடம் சொல்வாரா, விழுங்கிவிடுவாரா என்று இன்னும் யோசிக்கிறேன்.