துறைமுகத்துக்கு மேலே ஒரு வெளிச்சம்

தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் பழக்கம் பாலேஸ்வரி ரீச்சருக்கு இருந்ததில்லை. தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லவும் வராது. இந்த இரண்டாவது குணம்தான் அவரைக் கெடுத்தது.

கொட்டாஞ்சேனையில், கொன்ஸ்ரன்ரைனின் வீட்டு மேல்மாடி அறையில் பதினாறு வருடம் வாடகைக்கு இருந்தவர். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்யவில்லை. பொழுதுபட்டால் மொட்டைமாடியில் கொப்பியோடு உட்கார்ந்து, எந்தக் கோள் எத்தனை மணிக்கு எந்தத் திசையில் என்று குறிப்பார். வெள்ளை வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்கும் என்பதால், ரோச் லைற்றில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி வைத்திருந்தார்.

2007இல், வடக்கில் போரிட்ட இயக்கத்தின் விமானங்கள் கொழும்புக்கும் வந்தன. அதன் பிறகு ஊரே அண்ணாந்து பார்க்கத் தொடங்கியது. ஆனி மாதம் துறைமுகத்துக்கு மேலே ஒரு வெளிச்சத்தை முதலில் கண்டவர் கொன்ஸ்ரன்ரைன். அது சிவக்கிறது, பச்சையாகிறது, தான் நடந்தால் கூடவே நடக்கிறது என்று பின்னேரங்களில் கேற்றடியில் சனத்தைக் கூட்டிச் சொன்னார். வாழ்நாளில் முதல்முறையாக அவர் பேச்சை நாலுபேர் நின்று கேட்டார்கள்.

சந்தைப் பையோடு வந்த ரீச்சரும் நின்று கேட்டார்.

"அந்த அன்ரனாக் கம்பத்தோட சேர்த்துப் பாருங்கோ அண்ணை. அசையுதோ?"

எல்லோரும் பார்த்தார்கள். அசையவில்லை. அது வெள்ளிக் கோள் என்றார் ரீச்சர். இருட்டில் ஒற்றை வெளிச்சத்தை உற்றுப் பார்த்தால் அசைவது நமது கண்தான், தாழ நிற்கும் ஒளி காற்றுக்குள்ளால் வரும்போது நிறம் மாறித் தெரியும் என்று வகுப்பில் போலவே விளக்கினார்.

முன்வீட்டுக் கிளெமென்ற் சும்மா இருக்கவில்லை. "பெத்லகேம் வெள்ளியாக்கும். மாட்டுக்கொட்டில் எங்கயெண்டு தேடுங்க, கொன்ஸ்ரன்ரைன்."

வீதி சிரித்தது. கொன்ஸ்ரன்ரைனும் சிரித்தார், கடைசி ஆளாக.

நான்காம் நாள் பொலிஸ் வந்தது. மேலே அழைத்துப் போனவர் கொன்ஸ்ரன்ரைன். அவர் பொய் சொல்லவில்லை. துறைமுகத்துக்கு மேலே அந்த வெளிச்சம் வந்தால் ரீச்சர் மாடியில் சிவப்பு வெளிச்சம் போடுவார் என்றார். கொப்பிகளில் பன்னிரண்டு வருடத்து நேரங்களும் திசைகளும் இருந்தன. விமானத்துக்குச் சைகை காட்டியதாக ரீச்சரைக் கொண்டுபோனார்கள்.

விசாரித்த அதிகாரிக்குத் தமிழ் தெரியும். ரீச்சருக்குச் சந்தோஷம். அவருக்கும் பாடம் நடத்தினார். அவரும் பொறுமையாகக் கேட்டார். தான் சொல்வது உண்மை என்று காட்ட ரீச்சரிடம் ஒரு வழி இருந்தது.

"ஓகஸ்ட் பத்தாம் திகதிக்குப் பிறகு அது சூரியனுக்குக் கிட்டப் போயிடும், தெரியாது. என்னை நம்ப வேண்டாம் ஐயா, வானத்தைப் பாருங்கோ."

அதிகாரி திகதியை எழுதிக் கையெழுத்துக் கேட்டார். ரீச்சர் விருப்பத்தோடு போட்டார்.

சொன்னபடியே வெளிச்சம் மறைந்தது. தன்னை விடப்போகிறார்கள் என்று ரீச்சர் சீலையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார். அதிகாரி வந்தார். அது வராமல் நிற்கப்போகும் நாளை ரீச்சருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தது யார் என்று கேட்டார். அன்றிலிருந்து அதிகாரியிடம் பொறுமை இருக்கவில்லை.

வீதியிலும் ஒரே கதைதான். ரீச்சரைப் பிடித்தார்கள், வெளிச்சம் நின்றது. கிளெமென்ற்கூடப் பிறகு பகிடி விடவில்லை.

பதினெட்டு மாதம் கழித்து, வழக்கு எதுவும் போடாமல் ரீச்சரை விட்டார்கள். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. தை மாதம் ஒரு பின்னேரம் தனது பெட்டியை எடுக்க வந்தார். ஓட்டோவால் இறங்கியபோதே கண்டுவிட்டார்: துறைமுகத்துக்கு மேலே வெள்ளி. மீண்டும் மாலை வானத்துக்கு வந்து நாலைந்து மாதமாகியிருக்கும். அதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை. இன்று ரீச்சரைக் கண்டதும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

கொன்ஸ்ரன்ரைன் கேற்றைப் பாதி திறந்தபடி நின்றார். "ரீச்சர், அது என்ன?"

அன்ரனாக் கம்பம் அதே இடத்தில் இருந்தது. ரீச்சர் அதைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது அண்ணை."

கொன்ஸ்ரன்ரைன் தலையாட்டினார். கேற்றைப் பூட்டிவிட்டு, ரெலிபோன் இருந்த அறைக்குப் போனார்.