பெண்கள் கவுண்ட்டர் திறக்காத காலைக்காட்சி

எங்கள் பக்கத்தில் அன்றைக்கு மலையாளப் படம் என்றால் ஒரே அர்த்தம்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ராஜபாளையத்துத் தியேட்டர்களில் பதினோரு மணிக் காட்சியாக ஓடும். ஆண்கள் சுவரோரமாக வந்து சுவரோரமாகவே போவார்கள். மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே தலையில் வைத்துக் கொண்டாடிய படங்களும் செங்கோட்டை வழியாக அதே பெட்டியில் வந்து, அதே காட்சியில் மாட்டிக்கொண்டன. எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்கப் படத்தை வாங்கி ஓட்டுகிறவர்களுக்குப் பொறுமை கிடையாது. மலையாளமா, பதினோரு மணிக்குப் போடு. அவ்வளவுதான்.

இந்தப் பைத்தியம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பிடித்தது. கொடைக்கானலில் டிவி கோபுரம் வந்த பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி வாங்கினார்கள். ஞாயிறு மதியம் காது கேளாதோர் செய்தி முடிந்ததும் வங்காளத்திலோ அசாமியிலோ கன்னடத்திலோ ஒரு படம் போடுவார்கள். டிவி பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தோடு எழுந்து சாப்பிடப் போய்விடுவார்கள். ‘அவார்டு படம்’ என்பது அப்போது ஒரு வசவு. நான் தட்டோடு வந்து டிவிக்கு முன்னால் உட்காருவேன். அடியில் வரும் இங்கிலீஷ் எழுத்தில் பாதியைப் படிப்பேன்; மீதியை ஆட்களின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். பின்னால் பூண்டு உரித்துக்கொண்டிருக்கும் அம்மா, படத்தில் நடந்துகொண்டே இருக்கிறவனைப் பார்த்து, அவன் எம்புட்டு நேரந்தான் நடப்பான், வீட்டுக்கே போக மாட்டானா என்று அலுத்துக்கொள்வாள். ஆனால் எழுந்து போக மாட்டாள்.

நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் டைப்பிஸ்ட். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். கல்யாணம் ஆகும்வரை வேலைக்குப் போகலாம் என்பது அவர் கொடுத்த சலுகை. அதைச் சலுகை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஒருநாள் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் புதுப் போஸ்டர். ஒரு பெண் குனிந்திருக்கிறாள். அவள் முகம் அளவுக்கு ஒரு ‘ஏ’. கூசுகிற மாதிரி ஒரு தமிழ்த் தலைப்பு. நான் போஸ்டர்களின் அடிப்பகுதியைப் படிக்கிறவள். பெரிய எழுத்து எல்லாம் வியாபாரம், உண்மை அடியில்தான் இருக்கும். எறும்பு மாதிரி எழுத்தில் இயக்குநரின் பெயர் இருந்தது. அவருடைய படம் ஒன்றைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் படித்துவிட்டு, இதையெல்லாம் எங்கே போய்ப் பார்ப்பது என்று மாதக்கணக்கில் ஏங்கியிருக்கிறேன். அவர் படம் ஒன்று என் ஆபீசுக்கு ரெண்டு தெரு தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க யாருக்கும் தடை இல்லை, எனக்கு மட்டும்தான் தடை. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

மறுநாள் அரை நாள் லீவு கேட்டேன். என்ன காரணம் என்றார்கள். சினிமா என்றேன்.

தியேட்டரில் பெண்கள் கவுண்ட்டர் பூட்டியிருந்தது. காலைக்காட்சிக்கு அதைத் திறப்பதே இல்லையாம். ஆண்கள் வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பீடா வாங்கப் போய்விட்டார்கள், வரிசையே கரைந்தது. மேனேஜர் வெளியே ஓடிவந்தார். வழி தெரியாமல் வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார், பாவம்.

"இது குடும்பத்துப் பொம்பளைக பாக்குற படம் இல்லம்மா."

"நீங்க பாத்துட்டீகளா?" என்றேன்.

அவர் பார்க்கவில்லை. டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்கள்.

உள்ளே போகும்போது, மாடிப்படி அருகே அவர் ஆபரேட்டரிடம், இன்னைக்குப் பிட்டு வேண்டாம், பொம்பள ஆளு இருக்கு என்று சொன்னது காதில் விழுந்தது. அதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வேறெங்கோ வெட்டிய ஆபாசத் துண்டை நடுவில் ஒட்டி ஓட்டுவார்களாம். அதற்கு இடம் வேண்டும் என்று படத்தில் ஒரு ரீலையே கழற்றி வைத்துவிடுவார்களாம். அன்றைக்குக் கழற்றவில்லை. ராஜபாளையத்தில் அந்தப் படம் முழுதாக ஓடியது நான் அங்கே உட்கார்ந்திருந்ததால்தான். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

விளக்கு அணைந்ததும் திரையில் சென்சார் சர்டிபிகேட் வந்தது. அதில் இருந்தது ‘யு’. குழந்தைகளோடு பார்க்கலாம். தியேட்டர் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. போஸ்டரில் இருந்த பெண் படகோட்டி. அப்பா செத்த பிறகு படகுத்துறையை விற்கச் சொல்லி ஊர் நெருக்குகிறது. அவள் விற்காமல் துடுப்புப் போடுகிறாள். குனிந்து அவள் செய்தது படகில் தேங்கிய தண்ணீரை இறைத்ததுதான். அதைத்தான் கத்தரித்து எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பின்வரிசையில் நாற்காலிகள் மடிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இடைவேளையில் விளக்குப் போட்டபோது இருந்த கொஞ்சப் பேரும் துண்டாலும் கர்ச்சீப்பாலும் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். நான் மறைக்கவில்லை. கடைசியில் அழுதுகொண்டே வெளியே வந்தேன், மத்தியான வெயிலில், எல்லாரும் பார்க்க.

அந்தச் சமயத்தில் வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்து, பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை. பூ வைக்க நாள் குறிக்க வேண்டிய நேரத்தில் அவருடைய சித்தப்பா மட்டும் தனியாக வந்தார். காபி ஆறும்வரை சுற்றி வளைத்தார். பிறகு, பொண்ணு காலைக்காட்சிக்குப் போகுதாமே, பார்த்தவர்கள் சொல்கிறார்கள் என்றார்.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை, எவன் பார்த்தான், பேரைச் சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டார். அவர் என் பக்கம் நின்றது எனக்குச் சந்தோஷமாக இல்லை. இல்லாத ஒருத்திக்காக அல்லவா அவர் சண்டை போடுகிறார். அப்பா விடவே இல்லை. கடைசியில் அந்த மனிதர் வேறு வழியில்லாமல், எங்க பையனே கண்ணால பாத்துருக்கான் என்றார்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

"போனேன்ப்பா. நல்ல படம்," என்றேன். பிறகு வந்தவரிடம், "அவிய கடைசி வரைக்கும் பாத்தாகளா, இல்ல பாதியில எந்திரிச்சுப் போயிட்டாகளான்னு கேட்டுச் சொல்லுங்க," என்றேன்.

"ஆம்பளை போறது வேற," என்றார்.

"டிக்கெட்டு ஒண்ணுதான்," என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்பா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நாளையிலிருந்து ராஜபாளையம் போகிற சோலியே வேண்டாம், வீட்டில் இரு என்றார். வரன் போனதற்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்த பஸ், அந்தச் சம்பளம், அந்தச் சுவர் போஸ்டர்கள், இவை போனால் என்னிடம் மீதி ஒன்றும் இருக்காது. போவேன் என்றேன். வேலைக்கும் போவேன், படத்துக்கும் போவேன் என்றேன். என் குரல் உடைந்துதான் வந்தது, ஆனாலும் சொல்லி முடித்தேன்.

"ஊருக்கு என்னட்டி பதில் சொல்லுவேன்?" என்றார். அவர் கேட்டது கோபத்தில் இல்லை, பயத்தில்.

"ஊரு பூராம் அங்கதாம்ப்பா இருந்துச்சு," என்றேன்.

அம்மா உள்ளேயிருந்து சிரித்துவிட்டாள். சிரித்ததை மறைக்க இருமினாள். அப்பா யாரையும் பார்க்காமல் கடைக்குப் போய்விட்டார்.

காலையில் வழக்கமான நேரத்துக்குக் குளித்துத் தலை பின்னினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அம்மா தூக்குச்சட்டியை எடுத்து நீட்டினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழி கடையைத் தாண்டித்தான். குறுக்குச் சந்து ஒன்று இருந்தது, அதில் போகவில்லை. அப்பா துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர்கள் முன்னால் என்னை நிறுத்துவாரோ என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், சாயங்காலம் எப்ப வருவ என்று மட்டும் கேட்டார்.

"எப்பவும்போல வந்துருவேன்ப்பா," என்றேன். "படம் காலையிலதான்."